படங்கும் பட்டமும்



மனிதனுக்கு இன்றியமையாதவை உணவு, உடை, உறையுள் என மூன்று என்பர். உணவை விளைவிக்கும் விஞ்ஞானத்தைப் பயில மகனை அனுப்புகிறோம். வீட்டை எழுப்பும் பொறியியலைப் பயில மகளையும் அனுப்பத் துணிந்துவிட்டோம். ஆனால், உடையை ஆக்கும் கலையைப் பட்டப் படிப்பாகப் பயிலப் போகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் மட்டும், "தையல் பழகவா பல்கலைக்கழகம்?" என்று கேட்கிறோம். பசறையிலும் ஹாலிஎலவிலும் பெற்றோர் பலர் இவ்வாறு கேட்டிருக்கிறார்கள். அதற்கு விடை கூறுவதும், இப்படிப்பில் புதிய பருவத்தைத் தொடங்கவிருக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சில சொற்கள் சொல்வதுமே இன்றைய பேச்சின் நோக்கம்.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஆடை வடிவமைப்பு ஒரு பட்டப் படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றோடு உளச்சார்புப் பரீட்சையிலும் தேறியவர்களே அதற்குத் தெரிவாகின்றனர். நூலின் தன்மை யாது, பாவும் ஊடும் எவ்வாறு பின்னுகின்றன, துணியை நேராக வெட்டினால் எப்படி நிற்கும், மூலைவாட்டாக வெட்டினால் எப்படி வழியும், ஓர் ஆடைக்கு ஆகும் செலவு என்ன என்பனவெல்லாம் அங்கு பாடங்கள். தையல் அதில் ஒரு பகுதியே. கணக்கும் ஓவியமும் சரித்திரமும் ஏனைய பகுதிகள்.

தையற்காரரின் அறிவை எளிதாக எண்ணுவோருக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஜேக்கப் டேவிஸ் என்றொரு தையற்காரர் இருந்தார். கடும் உழைப்பாளிகளின் காற்சட்டைகள் பையோரத்தில் அடிக்கடி கிழிவதைக் கண்டு, அவ்விடங்களில் செப்பு ஆணிகளை அறைந்தார். துணி வணிகர் லீவை ஸ்ட்ராஸுடன் சேர்ந்து 1873ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமையும் பெற்றார். இன்று உலகமெங்கும் செல்வரும் வறியவரும் அணியும் ஜீன்ஸ் அதுவே. தொழிலாளியின் தேவையை ஒருவர் உற்று நோக்கியதால் பிறந்தது அந்த உடை.

நம் நாட்டை நோக்குவோம். 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. 1992இல் இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் கிராமங்களை நாடி வந்தது. அந்நியச் செலாவணி ஈட்டுவதில் தேயிலையை ஆடை முந்திவிட்டது. கொழுந்து பறித்த தாயின் மகள் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தாள். ஆயினும் பெரும்பாலும் வடிவத்தை வரைந்தவர் வேறொருவர். விலையை விதித்தவரும் வேறொருவர். ஊசி நம் கையில் இருந்தது, பென்சில் நம் கையில் இல்லை. ஆடை வடிவமைப்பு பயில்வது அந்தப் பென்சிலைக் கையிலெடுப்பதாகும்.

எம்மிடம் படித்த மாணவி ஒருத்தி முதற்பருவம் முடித்து விடுமுறையில் வந்தாள். திரும்பிப் போக அவளுக்கு மனமில்லை. காரணம் பணமுமன்று, பாடமுமன்று. தத்தம் குடும்பத்தில் வழங்கும் உடை ஒன்றை வரைந்து, அதன் வெட்டையும் பயனையும் விளக்கி, அடுத்த பருவத் தொடக்கத்தில் கொண்டுவர வேண்டுமாம். உடன் பயில்வோர் பாட்டியின் பட்டுச் சேலையையும் கண்டிய ஒசரியையும் பற்றிப் பேசிக்கொண்டார்கள். "லயத்தில் வரைவதற்கு என்ன இருக்கிறது, ஐயா?" என்று அவள் கேட்டாள்.

"மகள், நாளைக் காலை உன் அம்மா பெரட்டுக்குப் போகும்போது உடுத்தியிருப்பதைப் பார்" என்றேன்.

நேயர்களே, அந்த உடையை நாமும் ஒருமுறை பார்ப்போம். சேலைக்கு மேல் இடுப்பில் படங்கு. முன்பு அது சாக்கு. இப்போது பல இடங்களில் பிளாஸ்டிக் விரிப்பு. தேயிலைச் செடியின் கிளை கீறாமலும், பனி நனைக்காமலும் அது காக்கிறது. தலையில் மடித்த துண்டு கூடைக் கயிற்றின் அழுத்தத்தைத் தாங்குகிறது. பாரம் முதுகில் இறங்க, இரு கைகளும் கொழுந்துக்கென விடுபடுகின்றன. தையல் ஒன்றுமில்லாமல் உடல், தொழில், மலைச்சரிவு, காலநிலை என்னும் நான்கிற்கும் விடை கூறும் உடை அது. ஜப்பானிய வடிவமைப்பாளர் இசே மியாக்கே, 1970களில், ஒரே துணி உடலைச் சூழ்வதை ஆடையின் மூலதத்துவமாகக் கொண்டு உலகப் புகழ் பெற்றார். அத்தத்துவம் நம் தாய்மாருக்குப் புதிதன்று.

ஆயினும் அவ்வுடையில் குறையுமுண்டு. சாக்கு நனைந்தால் கனக்கும். பிளாஸ்டிக் வெயிலில் உடலைப் புழுக்கும். இலேசானதாய், நீர் புகாததாய், காற்றை விடுவதாய் ஒரு படங்கை ஆக்குபவர் யார்? அதை இடுப்பில் கட்டியவரின் பிள்ளையைக் காட்டிலும் அதற்கு உரியவர் யார்? மாணவி வரைந்தாள், தாயையே நிறுத்தி அளவெடுத்தாள். பருவம் தொடங்கியபோது அந்த வரைபடத்தோடு மொறட்டுவைக்குப் பயணமானாள்.

புதிய பருவத்துக்குச் செல்லும் பிள்ளைகளே, மூன்று சொற்கள். முதலாவது, மொழி. பாடம் ஆங்கிலத்தில், தோழமை சிங்களத்தில், சிந்தனை தமிழில் என்றிருக்கும். ஒரு கொப்பியில் மூன்று நிரல் இட்டு, நாள்தோறும் கலைச்சொற்களை எழுதுங்கள். இரண்டாவது, சிக்கனம். விலையுயர்ந்த துணியில் கத்தரி வைக்குமுன் கோராத் துணியில் வெட்டிப் பாருங்கள். மகாபொல உதவிப் பணத்துக்கு விண்ணப்பிக்கத் தவறாதீர்கள். மூன்றாவது, தன்மானம். ஆனந்த குமாரசுவாமி 1905ஆம் ஆண்டிலேயே, மேனாட்டு உடையைக் கண்மூடிப் பின்பற்றுவதைக் கண்டித்து எழுதினார். பிறர் உடையைக் கற்பது அறிவு. தம் உடைக்கு நாணுவது அறியாமை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். 1924இல் பதுளையை எட்டிய இருப்புப் பாதை நெடுங்காலம் நம் உழைப்பைப் பெட்டி பெட்டியாகக் கீழே கொண்டுசென்றது. இன்று நம் பிள்ளைகள் படிப்புக்காக மலையிறங்குகிறார்கள். "தையல்தானே" என்ற ஒரு சொல்லால் அவர்களைத் தடுத்துவிடாதீர்கள். விடுமுறையில் வரும் மகள் உங்கள் படங்கை வரைய விரும்பினால், சிறிது நேரம் நின்று கொடுங்கள்.