பத்மாவதியின் பொறுமை
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பழைய தமிழ்ப் படம் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். நாம் எடுத்துக்கொண்டது 'மனோகரா'. 1954-ஆம் ஆண்டு ஜூபிடர் நிறுவனத்தார் வெளியிட்ட அப்படத்தை எல். வி. பிரசாத் இயக்கினார், உரையாடல் தீட்டியவர் மு. கருணாநிதி. சங்கிலியால் பிணிக்கப்பட்ட சிவாஜி கணேசன் அரசவையில் முழங்கிய காட்சியைத் தாத்தா முதல் பேரன் வரை அறிவர். ஆயினும் இன்று நாம் பேச விழைவது மகனைப் பற்றியன்று. அவனைப் பெற்ற பட்டத்தரசி பத்மாவதியைப் பற்றி.

கதை, படத்தினும் பழமையுடையது. 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியார் யாத்த நாடகம் அது. 1936-இல் முதன்முறை படமானபோது, மன்னன் புருஷோத்தமனாக அவரே நடித்தார்.

அம்மன்னன் வசந்தசேனை என்பாளின் மையலில் வீழ்ந்து, மனைவியை ஒதுக்குகின்றான். சாதாரணக் குடும்பத்தில் இத்தவறு நேர்ந்தால் ஒரு வீடு கலங்கும். அரசன் வீட்டில் நேர்ந்தாலோ நாடே கலங்குகின்றது. ஏன்? அரசியின் இருக்கை வெறும் மனைவியின் இருக்கையன்று. அதனை ஒட்டியே பட்டத்துரிமையும், அமைச்சரின் மதிப்பும், படையின் பற்றும் நிற்கின்றன. அவ்விருக்கையில் வேறொருத்தி அமர்ந்தவுடன், மன்னனின் செவி எவள் வசமோ அவள் வசமே ஆட்சியும் செல்கின்றது. முடி மன்னன் தலையில் இருக்கின்றது. ஆணையோ வசந்தசேனையின் நாவிலிருந்து பிறக்கின்றது.

இவ்வளவு நேர்ந்தும் பத்மாவதி பொறுக்கின்றாள். தான் பொறுப்பதோடு நில்லாமல், கொதித்தெழும் மகனையும் வாக்குறுதியால் கட்டுகின்றாள். அன்பர்களே, இங்குதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். மனோகரனைப் பிணித்தவை இரு தளைகள். ஒன்று அரசன் பூட்டிய இரும்பு; மற்றொன்று அன்னை பூட்டிய சொல். இரும்பை முறிக்கும் வலிமை அவனுக்கு உண்டு. சொல்லை முறிக்கும் மனம் இல்லை. ஆகவே, அந்தத் துரோகம் இத்துணைக் காலம் தழைத்ததற்கு மன்னனின் வலிமை மட்டும் காரணமாகாது. பத்மாவதியின் பொறுமையும் அதற்கு நிழல் தந்தது. இறுதியில் அன்னையே சொற்றளையை அவிழ்க்கின்றாள். அதன் பின்னரே மகனின் கைத்தளையும் தெறிக்கின்றது.

பத்மாவதியாக நடித்தவர் பி. கண்ணாம்பா. 1942-இல் இதே ஜூபிடர் நிறுவனத்தின் 'கண்ணகி' படத்தில் கண்ணகியாக வாழ்ந்து காட்டியவர் அவரே. கணவன் பிரிந்த நாளெல்லாம் வாளா இருந்த கண்ணகி, அவன் அநியாயமாகக் கொலையுண்டபோது பாண்டியன் அவையையே உலுக்கினாள். தனக்கு நேர்ந்ததைப் பொறுத்தவள், அநீதியைப் பொறுக்கவில்லை. பத்மாவதியும் அவ்வழி வந்தவளே.

அரண்மனைக் கதை நமக்கு எதற்கு என்று சிலர் வினவலாம். படம் வெளிவருவதற்கு எட்டு ஆண்டுகள் முன்னரே, 1946-இல் இந்நாட்டில் ஒரு சட்டம் பிறந்தது. கணவன் வீட்டிலேயே வேறொருத்தியை வைத்துக்கொண்டால், இந்து மனைவி தனித்து வாழவும் ஜீவனாம்சம் பெறவும் அது உரிமை தந்தது. 1949-இல் சென்னை மாகாணம் இந்து ஆடவரின் இருதார மணத்தைத் தடுத்தது. 1955-இன் இந்து திருமணச் சட்டம் அத்தடையை நாடு தழுவியதாக்கியது. பத்மாவதிக்கு மகனின் தோள் ஒன்றே துணை. இன்றைய பெண்ணுக்குச் சட்டமும் துணை.

எனினும், சட்டம் தானாக வந்து கதவைத் தட்டுவதில்லை. பிறந்த ஊரையும் உற்றாரையும் விட்டு இக்காலனிகளில் வாழும் பெண்ணுக்கு ஓர் இடர் வந்தால், தாய்வீடு இரண்டு நாள் இரயில் தொலைவில் இருக்கின்றது. தொலைபேசியில் அழைத்தாலும் "கொஞ்சம் பொறுத்துக்கொள் அம்மா" என்னும் விடையே பெரிதும் கிடைக்கின்றது. அவ்விடையை அன்பினால்தான் சொல்கின்றோம். ஆனால் யாருடைய நன்மைக்காகச் சொல்கின்றோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. பொறுமை பூண்டவளுக்கு அணியாக இருக்கும்வரை அதனைப் போற்றுவோம். தீங்கிழைப்பவனுக்குக் கேடயமாகும்போது, அதனைக் கீழே வைக்கச் சொல்லும் துணிவும் நமக்கு வேண்டும்.

பொங்கலும் பட்டிமன்றமும் நடத்துவதோடு, இடருற்ற மகளிர் தயங்காது வந்து பேசக்கூடிய இடமாகவும் நம் சங்கம் விளங்குக. மூத்த தாய்மார்கள் இருவர் மூவர் அப்பொறுப்பை ஏற்பின், இவ்வாண்டு விழா பயனுடையதாகும் என்று கூறி அமைகின்றோம்.