குளமும் வீட்டுக் கிணறும்

மார்கழிக்குப் பின் வடகீழ்ப் பருவமழை குறைந்துவிடும். அதன்பின் கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் அக்கராயன் மக்களுக்குத் துணை குளத்துநீரே. அது வயலுக்குப் பாய்வதோடு நில்லாது, நிலத்தினூடே கசிந்து அயலிலுள்ள வீட்டுக் கிணறுகளிலும் ஊறுகின்றது. குளம் வற்றினால் கிணறும் வற்றும். பெண்களும் பிள்ளைகளும் குடத்தோடு அலைவர்.

ஓர் ஏக்கர் வயலில் ஓர் அங்குல ஆழத்துக்குத் தேக்கும் நீர் ஏறத்தாழ 1,00,000 லீற்றர். நாளொன்றுக்கு 500 லீற்றர் செலவிடும் குடும்பத்துக்கு அது 200 நாட்களுக்குப் போதுமானது.

ஆதலின், சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று தீர்மானிக்கும் கூட்டத்தில், கிணறுகளுக்காகக் குளத்தில் எவ்வளவு நீரை நிறுத்துவது என்பதை முதலிற் பேசுதல் வேண்டும். நீரள்ளும் தாய்மாரும் அங்கே அமர்ந்து பேசுதல் முறை. விதைப்பைக் குறைத்தல் உழவர்க்கு இழப்பே. ஆயினும் அவர்தம் வீட்டுக் கிணறும் அந்நீராலேயே ஊறுகின்றது.