மரக்காணம் உப்பும் வெள்ளி உப்பும்



வேதியியல்காரனைப் பேசக் கூப்பிட்டால் உப்பைத்தான் பேசுவான்! செஞ்சியிலிருந்து திண்டிவனம் வழியாகப் போனால் மரக்காணம் உப்பளம். அந்த உப்பு ஒரு லிட்டர் தண்ணீரில் 350 கிராமுக்கு மேல் கரையும். அதே குளோரைடு வெள்ளியோடு சேர்ந்தால் சுமார் 2 மில்லிகிராம்தான். நம்ம ஊர்க் கிணத்துத் தண்ணியில் வெள்ளி நைட்ரேட் விட்டதும் வெள்ளையாகக் கலங்குகிறதே, அதுதான் இது.

ஃபஜான்ஸ் 1923-ல் சொன்ன விதியை எல்லாரும் ஒப்பிப்போம். நேர்மின் அயனி சிறுத்தால், எதிர்மின் அயனி பெருத்தால், மின்சுமை கூடினால் சகப்பிணைப்புத் தன்மை கூடும். சரி. இங்கே மின்சுமை இரண்டுக்கும் ஒன்றுதான். சோடியம் அயனி 102 பிக்கோமீட்டர், வெள்ளி அயனி 115. அளவை மட்டும் பார்த்தால் சோடியம் அல்லவா ஜெயிக்க வேண்டும்? தேர்வில் பலர் அப்படித்தான் எழுதிவிட்டு வருகிறார்கள்.

விட்டுப்போவது எலக்ட்ரான் அமைப்பு. சோடியம் அயனியின் வெளிக்கூட்டில் 8, வெள்ளியில் 18. அதில் பத்து டி எலக்ட்ரான்கள். அவை ஓட்டைக் குடை மாதிரி. கருவின் இழுப்பைச் சரியாக மறைக்காது. குளோரைடின் எலக்ட்ரான் மேகம் வெள்ளிப் பக்கம் சாய்கிறது. பகிர்வு கூடிவிட்டால் தண்ணீரால் எளிதில் பிரிக்க முடியாது. உருகுநிலையும் 801 டிகிரி எங்கே, 455 எங்கே!

புரோமைடு இன்னும் பெரிய அயனி. அதன் வெள்ளி உப்பு இன்னும் குறைவாகக் கரையும். ராஜகிரி அடிவாரத்தில் எடுத்த நம் பழைய கறுப்பு வெள்ளை குரூப் போட்டோக்களின் ஃபிலிமில் இருந்தது அதுதான். தண்ணீரில் எவ்வளவு அலசினாலும் போகாது. மிச்சத்தைக் கரைக்க ஹைப்போ வேண்டியிருந்தது.