அய்யனார் குதிரை எங்கிருந்து வந்தது?

"ஆரோவிலைச் சுற்றி மரக்காணம் வரைக்கும் அய்யனார் கோயில்களில் மண்குதிரை நிற்கிறதே, அப்படியென்றால் குதிரை நம் மண்ணின் விலங்குதானே?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். இல்லை. குதிரையை மனிதன் முதலில் பழக்கியது யூரேசியப் புல்வெளிகளில். விதர்ப்பாவின் பெருங்கற்காலப் புதைகுழிகளில் குதிரை எலும்பும் கடிவாளமும் கிடைத்தனவே என்பீர்கள். உண்மைதான். குதிரை தெற்கே வந்து வெகுகாலமாயிற்று என்பதற்கு அவை சான்று; இங்கேயே தோன்றியது என்பதற்கு அல்ல. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே வந்த குதிரைகளைப் பட்டினப்பாலையும், தொண்டை நாட்டுத் துறைக்கு வெண்குதிரை ஏற்றிவந்த கலங்களைப் பெரும்பாணாற்றுப்படையும் பாடுகின்றன.

ஆயிரம் ஆண்டு தாண்டி, பாண்டியர் காலத்துக்கு வருவோம். நெஞ்சு கொதிக்கும் கதை இது. பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் எழுதுகிறார்: பாரசீக வளைகுடாவிலுள்ள கீஷ் தீவின் வணிகர் ஜமாலுதீன் ஆண்டுக்கு 1,400 குதிரை அனுப்ப ஒப்பந்தம், ஒன்றுக்கு 220 பொன் தினார், வழியில் செத்த குதிரைக்கும் பாண்டியன் கருவூலமே பணம் தர வேண்டும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ மிச்சத்தைச் சொல்கிறார். சோற்றோடு இறைச்சியை வேகவைத்துக் குதிரைக்குப் போட்டார்கள். லாடம் கட்டவோ வைத்தியம் பார்க்கவோ ஆளில்லை. தெரிந்தவர்களை வணிகர்கள் இங்கே வரவிடவும் இல்லை. குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம்! கொட்டிக்கொடுத்த பொன்னெல்லாம் இப்படித்தான் தொழுவத்தில் மடிந்தது. வெளிநாட்டார் மிகைப்படுத்தினார்கள் என்று தள்ளிவிடவும் முடியாது. எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் ஒருவர் பாரசீகர், ஒருவர் வெனிசுக்காரர், இருவருமே ஓயாத இறக்குமதியையும் தவறான தீனியையும் சொல்கிறார்கள்.

ஆக, அரசர்கள் கொண்டுவந்த குதிரை இங்கே வேர்விடவில்லை. வேர்விட்டது வேளார் என்னும் குயவரின் சூளையில் வெந்த மண்குதிரை. ஹவாய்க்கு 1803இல் கப்பலில் வந்திறங்கிய குதிரையும், தீவு மக்கள் அதன்மேல் ஏறி மாடு மேய்க்கத் தொடங்கிய பிறகுதான் அவர்களுடையதாயிற்று. அரசனின் அதிகாரச் சின்னத்தைக் கிராமம் நகல் எடுத்தது, அவ்வளவுதானே என்று சிலர் கேட்பார்கள். வடிவம் வேண்டுமானால் அங்கிருந்து வந்திருக்கலாம். ஆனால் படைக்குதிரை அரசனுக்கும் அவன் வீரர்களுக்கும் மட்டுமே உரியது. மழைக்கும் பிள்ளையின் நோய்க்கும் நேர்ந்துகொண்டு மண்குதிரை எடுப்பவர்கள் ஏழைக் குடியானவர்கள். அதில் ஏறி அய்யனார் இரவில் காவல் சுற்றுவது ஊர் எல்லையை, எல்லார் வயலையும். பல ஊர்களில் அதை வனையும் வேளாரே அந்தக் கோயிலின் பூசாரியும்கூட.