கூரைமேல் அமர்ந்த கூகை

(மகாவீரர் நிர்வாண விழாவில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



கதிரவன் மறையுமுன் உண்டு முடிப்பது சமண இல்லறத்தாரின் தொன்றுதொட்ட ஒழுக்கம். அடுப்பு அவிந்து இல்லம் அடங்கும் அவ்வேளையில்தான் வேறோர் உயிருக்கு நாள் தொடங்குகிறது. பழைய வீட்டின் பரணிலோ கோபுரப் பொந்திலோ பகலெல்லாம் ஒடுங்கியிருந்த கூகை சிறகு விரித்துப் புறப்படுகிறது. மரப்பொந்தில் வாழும் புள்ளி ஆந்தை இணையோடு வெளிவந்து கிளையில் அமர்கிறது.

அக்குரல் கேட்டவுடன் பல இல்லங்களில் அச்சம் எழுகிறது. நோயாளி படுத்திருக்கும் வீடாயின் அவ்வச்சம் இரு மடங்காகிறது. முதியோர் சாவுக்குறி என்கின்றனர், இளையோர் கல்லெடுக்கின்றனர். காலையில் முற்றத்தில் ஒரு பறவை சிறகொடிந்து கிடக்கிறது. அதன் குஞ்சுகள் பொந்தில் பசித்திருப்பதை எவரும் அறிவதில்லை.

கூகையின் அலறல் தன் துணையை அழைக்கவும் தன் எல்லையை உணர்த்தவும் எழும் குரல். பரணிலிருந்து பாம்பு சீறுவதுபோல் கேட்பது பெரும்பாலும் இரை கேட்கும் குஞ்சுகளின் ஒலி. அதன் செவிகள் இரண்டும் ஒரே உயரத்தில் அமையாமல் சற்று ஏற்றத்தாழ்வாக அமைந்துள்ளன. அதனால் காரிருளிலும் ஓசை எழும் இடத்தை அது துல்லியமாக அறிகிறது. இறகு விளிம்பின் மெல்லிய இழைகள் பறக்கும் ஒலியை அடக்குகின்றன. திடீரெனத் தோன்றி ஓசையின்றி மறைவதால் அதனைப் பேயெனக் கருதினர் போலும்.

ஓர் உயிர் உடலில் தங்கும் கால அளவை ஆயுள் வினை வகுக்கிறது என்பது ஜின தருமம். எண்வகை வினைகளுள் ஒன்று வகுத்ததைக் கூரைமேல் அமர்ந்த ஒரு பறவையால் கூட்டவோ குறைக்கவோ இயலுமா? நற்காட்சியை மறைக்கும் மூடங்கள் மூன்றனுள் உலக மூடமும் ஒன்று. ஆந்தைக்கு அஞ்சிக் கல்லெறிவோர் ஒரே செயலால் நற்காட்சியையும் கொல்லாமையையும் இழக்கின்றனர்.

ஆந்தை எலியைத் தின்று நெல்லைக் காப்பதால் அதனைக் காக்கவேண்டும் என்பாரும் உளர். உழவர் வயலில் பறவைத் தாங்கிகள் நடுவதும் அதன் பொருட்டே. அதன் பயன் உண்மைதான். எனினும் செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்றாலும் கொலை நீக்குதலே சிராவகரின் நோக்கம். எலியைக் கொல்லும் என மகிழ்ந்து ஆந்தையைப் பேணுவது உடன்படலாகும். ஆந்தை இரை தேடுவது அதன் பிறவி இயல்பு. அதில் மகிழ்வதற்கும் வெறுப்பதற்கும் ஒன்றுமில்லை. ஐம்பொறியும் மனமும் உடைய ஓருயிர் என்பதே அதனைக் காக்கப் போதுமான காரணம்.

தானியத்தை மூடிய கலங்களில் வைத்தால் எலி பெருகுவது குறையும். நஞ்சு வைத்தாலோ அதனை உண்ட எலியோடு அவ்வெலியைத் தின்ற கூகையும் மடிகிறது. ஒரு பிடி நஞ்சு எத்தனை உயிர்களைத் தொடும் என்பதை வைத்தவர் எண்ணுவதில்லை.

1972ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பதும் விற்பதும் கொல்வதும் குற்றம். இருப்பினும் நாட்டின் சில பகுதிகளில் தீபாவளியையொட்டி மாந்திரீகத்திற்காக ஆந்தைகள் பலியிடப்படுகின்றன. உயிர்க்கெல்லாம் அபயம் அளித்த பெருமான் வீடுபேறு எய்திய நாளிலேயே அக்கொடுமை நிகழ்வது பெருந்துயரம்.

இல்லத்தார் செய்யவேண்டியது சிறிதே. ஆந்தை வீட்டினுள் புகுந்தால் விளக்கணைத்துச் சாளரங்களைத் திறந்துவிட்டு விலகி நிற்க. அது தானே வழி காணும். கீழே விழுந்த குஞ்சைக் கூட்டில், அல்லது கூட்டருகே உயரமான இடத்தில் வைத்தால், தாய் தந்தையர் வந்து ஊட்டும். காயமுற்றிருப்பின் வனத்துறைக்கு அறிவிக்க.

இன்றிரவு கூரைமேல் அக்குரல் கேட்கலாம். அப்போது அஞ்சும் குழந்தையிடம் கல்லைத் தராமல், "அதுவும் நம்மைப்போல் ஓர் உயிர்" என்று தாய் சொல்வாளாயின், இவ்விழாவில் ஏற்றிய விளக்கு அவ்வில்லத்தில் அணையாது எரியும்.

அறம் வளர்க! எல்லா உயிரும் இன்புறுக!