பல் வலியும் ஒரு நாள் சம்பளமும்

(கிள்ளானில் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



பல்லைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று உள்ளே வரும்போதே சிலர் சிரித்தீர்கள். சிரித்த வாய்களில் எத்தனை பல் மிச்சம் இருக்கிறது என்று நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். இன்று பிரிக்பீல்ட்ஸில் பல் பார்க்கிறேன். ஆனால் பிறந்தது லயத்து வீட்டில். பல் வலி வந்தால் என் பாட்டி கன்னத்தோடு சேர்த்துத் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போவார். "பல்லுக்காக ஒரு நாள் சம்பளத்தை விடுவதா?" என்பார். அந்தக் கணக்கு எங்கே தப்பாகிறது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில், அடிபட்டு விழுந்த பல்லைப் பார்ப்போம்.

ஒரு தம்பி அப்பாவுக்கு உதவியாகக் காட்டுக்குப் போனவன், விடியற்கால இருட்டில் மோட்டார் சைக்கிளோடு செம்மண் சாலையில் விழுந்துவிட்டான். மேல் முன்பல் ஒன்று வேரோடு வெளியே வந்துவிட்டது. நல்ல வேளையாகப் பல்லைத் தேடி எடுத்தார்கள். ஆனால் அப்பா பாலெடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் பையனை அழைத்து வந்தார். பல்லைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அவர் அன்போடு செய்த ஒவ்வொன்றும் அந்தப் பல்லுக்குக் கேடாகிவிட்டது. பல் பளபளவென்றுதான் இருந்தது, வேர்தான் செத்துப்போயிருந்தது.

காரணம் இதுதான். பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. தாடை எலும்போடு பல்லைப் பிணைப்பது அதுவே. அதற்கு உயிர் உண்டு. காய்ந்தால் சாகும், தேய்த்தால் கிழியும். வெளியே உலர்ந்து கிடந்தால் அரை மணி நேரத்திலேயே சாகத் தொடங்கும். ஒரு மணி நேரம் ஆகிவிட்டால் பெரும்பாலும் பிழைக்காது.

ஆகவே பல்லை எடுக்கும்போது வெள்ளையாகத் தெரியும் தலைப்பக்கத்தைப் பிடியுங்கள், வேரைத் தொடாதீர்கள். மண் ஒட்டியிருந்தால் சுத்தமான நீரில் ஒரு கணம் அலசினால் போதும். அடிபட்டவர் நினைவோடு இருந்தால், பல்லை அதன் குழியிலேயே மெதுவாகச் செருகி, மடித்த துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லி, உடனே புறப்படுங்கள். செருகப் பயமாக இருக்கிறதா? பாலில் போட்டுக் கொண்டுவாருங்கள்.

பால் என்றால் மாட்டுப் பால், தோழர்களே! தோட்டத்தில் பால் என்றதும் உங்கள் கை மங்குக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். மரத்துப் பால் வேண்டாம். தேத்தண்ணீருக்கு ஊற்றும் டின் பாலும் வேண்டாம். அது சர்க்கரைப் பாகு. கடையில் பெட்டியில் விற்கும் சாதாரணப் பால் போதும். அதுவும் கிடைக்காவிட்டால் ஒரு குவளையில் அடிபட்டவரே எச்சிலைத் துப்பி, பல் அதில் நனைந்திருக்கும்படி வைத்துக் கொண்டுவரலாம். பார்க்க அருவருப்பாக இருக்கும். பல்லுக்கு அருவருப்பு கிடையாது.

சின்னப் பிள்ளைகளின் பால் பல் விழுந்தால் மட்டும் திரும்பச் செருகக் கூடாது. உள்ளே வளரும் புதுப் பல்லுக்குச் சேதமாகும். தலையில் அடிபட்டு மயக்கமோ வாந்தியோ வந்தால் பல்லை மறந்துவிட்டு 999-ஐ அழையுங்கள். மண்ணில் விழுந்து வாய் கிழிந்திருந்தால் இசிவு நோய்த் தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

அடுத்தது வீக்கம். விழுந்த பல்லால் அழகு போகும், வீக்கத்தால் ஆளே போகலாம்.

சொத்தைப் பல் பத்து நாள் குடையும்; பிறகு ஒரு நாள் வலி தானே நின்றுவிடும். குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் உள்ளே நரம்பு செத்துவிட்டது, சீழ் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் நாக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழும் பரவினால் நாக்கு மேலே தள்ளப்பட்டு மூச்சுக் குழலை அடைக்கும். 1836-ஆம் ஆண்டிலேயே லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை எழுதிவைத்தார். அவர் பெயராலேயே இந்நோயை இன்றும் அழைக்கிறார்கள். தாடைக்கு அடியில் கல் போன்ற வீக்கம், வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்க முடியாமல் வழிதல், பேச்சுக் குழறல், காய்ச்சல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பல் கிளினிக் திறக்கும் நேரத்தையும் பார்க்க வேண்டாம். நேரே பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். கிள்ளான் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரி இருக்கிறது. மூச்சுத் திணறினால் 999.

சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு இந்தச் சீழ் இன்னும் வேகமாகப் பரவும். 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் வயது வந்தவர்களில் 5 பேரில் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி. இந்தியரிடையே அதைவிட அதிகம். ஆகவே இந்த மண்டபத்திலும் பலர் இருப்பீர்கள்.

இப்போது என் பாட்டியின் கணக்குக்கு வருகிறேன். கிராணிமார்களும் கவனிக்க வேண்டும்.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவு சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பைத் தருகிறது. ஆஸ்பத்திரியில் தங்கத் தேவையில்லாத நோய்க்கு, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டில் 14 நாள்; இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள்; ஐந்தும் அதற்கு மேலும் 22 நாள். பல் டாக்டர் பரிசோதித்துத் தரும் விடுப்பும் இதே நாள்களுக்குள் அடங்கும் என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. பல்லுக்கு லீவு கிடையாது என்று யாராவது சொன்னால், அந்த வரியைக் காட்டுங்கள். உங்கள் பக்கத்துக் கடமையும் உண்டு: சான்று இருந்தாலும், விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். சொல்ல முயற்சிகூடச் செய்யாவிட்டால் அனுமதியின்றி வராமல் இருந்ததாகவே கொள்வார்கள். இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் தோற்கிறார்கள். சான்றைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, மூன்றாம் நாள் பெரட்டில் நின்று வாதாடுகிறார்கள்.

வேலையில் இருக்கும்போதோ வேலைக்குப் போய் வரும் வழியிலோ அடிபட்டுப் பல் போனால், அன்றே சொல்லிச் சொக்சோவுக்கு எழுதச் செய்யுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். பல் பிடுங்கிய இடத்தில் இரத்தம் கசிந்தால், சுத்தமான துணியை நனைத்து மடித்து அரை மணி நேரம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் கடித்திருங்கள். காப்பித் தூள், புகையிலை எதையும் குழியில் வைக்காதீர்கள். அதற்கும் நிற்காவிட்டால் டாக்டரிடம் வாருங்கள். வலிக்கு ஆஸ்பிரினை ஈறில் ஒட்டவைக்கும் பழக்கத்தை விடுங்கள்; ஈறு வெந்துபோகும். பாரசிட்டமோல் 500 மில்லிகிராம் மாத்திரையை உறையில் சொன்ன அளவுப்படி விழுங்குங்கள். ஒரு நாளில் 8-க்கு மேல் கூடாது. கிருமி மாத்திரை மிச்சம் இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் வாங்கி விழுங்கினால் வீக்கம் ஒளிந்துகொள்ளுமே தவிரப் போகாது.

வருமுன் காப்பதற்கு இரண்டு சொல்வேன். 1972-ல் நாடெங்கும் குழாய்த் தண்ணீரில் புளோரைடு கலக்க அரசு முடிவு செய்தது. கிணற்று நீரும் ஆற்று நீரும் குடித்த தோட்டங்களுக்கு அது எட்டவில்லை. நம் பெரியவர்களின் பல் நிலைக்கு அதுவும் ஒரு காரணம். கரியும் செங்கல் தூளும் பல்லைத் தேய்த்துத் தின்னும். புளோரைடு உள்ள பற்பசை போதும். இரவு படுக்குமுன் துலக்குவதே முக்கியம். பிள்ளை வாயில் இனிப்புப் பால் புட்டியோடு தூங்க வேண்டாம்.

இன்னொன்று வெற்றிலை. அம்மாக்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பாக்கும் புகையிலையும் சேர்த்து அடக்கும் கன்னத்தில், இரண்டு வாரம் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் காட்டிவிடுங்கள். வாய்ப்புற்று இந்நாட்டில் இந்தியரிடையே மிகுதி.

பேச்சு முடிந்தது. இங்கே வந்திருக்கும் கிராணிமார்களை ஒன்று கேட்கிறேன்: பெரட்டுக்களத்துப் பலகையில் உங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள பல் கிளினிக்கின் எண், ஆஸ்பத்திரி எண், இரவில் வண்டி தருபவரின் பெயர் ஆகிய மூன்றையும் எழுதி வைப்பீர்களா? பெயர் கொடுங்கள், சாக்கட்டி என் கைப்பையில் இருக்கிறது.