தகரம் என்று தள்ளிவிடாதீர்கள்



நகரத்தில் எளியவர்களுக்கு வீடு என்பது இன்றைய கூட்டத்தின் பொருள். எனக்கு முன்னால் பேசியவர்கள் நிலத்தைப் பற்றிப் பேசினார்கள், கடனைப் பற்றிப் பேசினார்கள், வாடகையைப் பற்றிப் பேசினார்கள். நான் தகரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

நம் ஊரில் தகரத்துக்கு மரியாதை கிடையாது. மாடி வீடு என்றால் ஒரு மதிப்பு, ஓட்டு வீடு என்றால் ஒரு மதிப்பு. கூரை வீட்டைக்கூடக் குளிர்ச்சியான வீடு என்று பாராட்டுவார்கள். தகரக் கொட்டகையில் குடியிருக்கிறார்கள் என்று சொன்னால் போதும், பெண் கொடுக்கவே யோசிப்பார்கள். அந்த எண்ணம் காரணம் இல்லாமல் வந்ததல்ல. கட்டடத் தொழிலாளர்களின் தகரக் கொட்டகைக்குள் சித்திரை மாதத்து நண்பகலில் நான் நின்றிருக்கிறேன். ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை. அங்கேதான் ஒரு தாய் தூளி கட்டிக் குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தார். அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்கு நாம் கொடுத்திருக்கும் வீடு அது. வெளியே வந்தபோது எனக்குள் எழுந்த கேள்வி ஒன்றுதான். குற்றம் தகரத்தினுடையதா, அதை அப்படிக் கொடுத்தவர்களுடையதா?

இந்தக் கேள்விக்கு வரலாறு பதில் வைத்திருக்கிறது. 1940-இல் அமெரிக்காவின் சமவெளிகள் வழியாகக் காரில் போன பக்மின்ஸ்டர் ஃபுல்லர் என்ற வடிவமைப்பாளரின் கண்ணில், வயலோரம் நின்ற தானியக் குதிர்கள் பட்டன. வட்டமான இரும்புத் தகட்டுக் குதிர்கள். நெல்லைக் காக்க மண்ணில் குதிர் செய்தவர்கள் நாம். அவர்கள் கோதுமையைக் காக்கத் தகட்டில் செய்தார்கள். தானியத்தை மழையிலும் எலியிலும் காக்கிற ஒன்று மனிதனைக் காக்காதா என்று யோசித்தார் ஃபுல்லர். கான்சாஸ் சிட்டியில் குதிர் செய்துகொண்டிருந்த பட்லர் நிறுவனத்தோடு சேர்ந்தார். அதே தகட்டில் கதவு வைத்தார், வட்டச் சன்னல்கள் வைத்தார், உச்சியில் காற்றுப்போக்கி வைத்தார். குதிர் வீடாகிவிட்டது. இரண்டாம் உலகப் போர் அமெரிக்காவை எட்டியது. அந்த வீடுகளை ராணுவம் எடுத்துக்கொண்டது. எஃகுக்குத் தட்டுப்பாடு வந்ததும் உற்பத்தி நின்றது. நகரத்து ஏழைக்கு அந்த வீடு போய்ச் சேரவே இல்லை.

ஆனால் அதே போர் இன்னொரு தகர வீட்டை ஊருக்குள் கொண்டுவந்தது. அமெரிக்கக் கடற்படை 1941-இல் ரோட் ஐலண்டில் குவான்செட் குடில் என்ற ஒன்றைச் செய்யத் தொடங்கியது. நெளித் தகட்டை அரைவட்டமாக வளைத்துத் தரையில் கவிழ்த்தால் எப்படி இருக்கும், அதுதான் குவான்செட். போர் முடிந்து வீரர்கள் ஊர் திரும்பினார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் அவர்களுக்கு வீடு இல்லை. நகராட்சி என்ன செய்தது தெரியுமா? கிரிஃபித் பூங்காவில் இருந்த பழைய விமானத் தளத்தில் 750 குவான்செட் குடில்களை வரிசையாக நிறுத்தியது. ஒவ்வொன்றையும் குறுக்கே தடுத்து இரண்டு வீடாக்கியது. 1946 ஏப்ரலில் 1,500 குடும்பங்களுக்கான ஒரு சிற்றூர் அங்கே எழுந்தது. சாலமன் தீவுகளில் உயிர் நீத்த ராட்ஜர் யங் என்ற சிப்பாயின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

அந்தத் தகர ஊரில் மளிகைக் கடை இருந்தது, மருந்துக் கடை இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று இருந்தது. கறுப்பர், வெள்ளையர், மெக்சிக வழியினர், ஆசியர் என்று எல்லா இனத்து வீரர்களின் குடும்பங்களும் அங்கே பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்தன. இன்ன இனத்தாருக்கு இந்த வீட்டை விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைத்த நகரம் அது. அப்படிப்பட்ட பத்திரத்தை நீதிமன்றம் அமல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1948-இல்தான். கல் வீடுகள் மூடி வைத்திருந்த கதவைத் தகர வீடுகள் இரண்டு ஆண்டு முன்பே திறந்துவிட்டன, நண்பர்களே! 1954 வரை அந்த ஊர் இருந்தது.

அதே காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம், பிரிட்டன். குண்டு விழுந்து நகரங்கள் இடிந்து கிடந்தன. 1944-இல் தற்காலிக வீட்டுச் சட்டம் இயற்றினார்கள். 1949-க்குள் 1,56,000-க்கும் மேற்பட்ட ப்ரீஃபாப் என்ற ஆயத்த வீடுகளை நிறுத்தினார்கள். அவற்றில் 54,500 வீடுகள் அலுமினியத்தால் ஆனவை. போர் விமானம் செய்த தொழிற்சாலைகள், போர் முடிந்ததும் வீடு செய்ய உட்கார்ந்தன. வீடு நான்கு துண்டாக லாரியில் வரும். இறக்கி, பொருத்தி, குழாயையும் மின்கம்பியையும் இணைத்தால் வீடு. வேலை உச்சத்தில் இருந்தபோது 12 நிமிடத்துக்கு ஒரு வீடு தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது.

வேகத்தைவிட நான் வியப்பது வேறொன்றை. அந்த வீட்டுக்குள் என்ன வைத்தார்கள்? சமையலறையில் குளிர்சாதனப் பெட்டி வைத்தார்கள். வீட்டுக்குள்ளேயே குளியலறை, கழிப்பறை. குழாயைத் திறந்தால் வெந்நீர். வெளியே செடி வைக்க ஒரு துண்டு நிலம். கொல்லைப்புறக் கழிப்பறைக்கு நடந்துகொண்டிருந்த தொழிலாளிக் குடும்பங்கள் இவற்றை அதுவரை கண்டதில்லை. பின்னாளில் தொழிற்கட்சியின் தலைவரான நீல் கின்னக், வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளியின் மகன், இப்படியொரு ப்ரீஃபாப் வீட்டில் வளர்ந்தவர்தான். பத்தாண்டுக்கு என்று போட்ட வீடுகள் அவை. பல வீடுகளில் மக்கள் பல பத்தாண்டுகள் குடியிருந்தார்கள். இடிக்க வந்தபோது போக மறுத்தவர்கள் உண்டு. 1948-இல் கார்டிஃபில் நிறுத்திய ஓர் அலுமினிய வீட்டைப் பெயர்த்து வந்து, செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் இன்று காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். தற்காலிகம் என்று வந்தது, ஒரு நாட்டின் நினைவாக நிலைத்துவிட்டது.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த அலுமினிய வீடுகள் மலிவாக அமையவில்லை. கணக்குப் போட்டதைவிடச் செலவு கூடிற்று. உலோக வீடு என்றாலே பாதி விலை என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். நிலத்துக்குப் பணம் வேண்டும், அடித்தளத்துக்கு வேண்டும், சாக்கடைக்கு வேண்டும். தகடு விலை அதில் ஒரு பங்குதான். உலோக வீடு மிச்சப்படுத்துவது முதலில் காலத்தை. வீடில்லாத ஏழைக்குக் காலம்தான் பணம். வீடு கட்டி முடிக்க மூன்று ஆண்டு என்றால், மூன்று ஆண்டு வாடகை அவன் பையிலிருந்து போகிறது. ஆறே மாதத்தில் சாவி கொடுக்க முடிந்தால், மிச்ச மாதங்களின் வாடகை அவன் பிள்ளையின் படிப்புக்குப் போகும். அந்தக் கணக்கில்தான் இது எளியவர்க்கு ஏற்ற வீடு.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். துறைமுகத்தில் அடுக்கி வைத்திருக்கும் கன்டெய்னர் பெட்டிகளை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். 1956-இல் மால்கம் மக்லீன் 58 பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அன்று தொடங்கிய பெட்டி இன்று உலகத்துச் சரக்கைச் சுமக்கிறது. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவதற்கென்றே செய்த பெட்டி என்பதால், அதில் வீடு செய்யலாமே என்ற எண்ணம் பலருக்கும் வந்தது.

2011 மார்ச்சில் ஜப்பானின் வடகிழக்குக் கரையைச் சுனாமி அடித்தது. ஓனகாவா என்ற மீனவர் ஊர் அழிந்தது. மலைக்கும் கடலுக்கும் நடுவில் சமதரை குறைவான ஊர். இருந்த பேஸ்பால் மைதானத்தில் ஷிகெரு பான் என்ற கட்டடக் கலைஞர் இருபதடிக் கன்டெய்னர்களை மூன்று மாடிக்கு அடுக்கினார். சதுரங்கப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கட்டத்தில் பெட்டி, வெள்ளைக் கட்டத்தில் வெற்றிடம். பெட்டி படுக்கையறையும் குளியலறையும் ஆயிற்று. வெற்றிடத்துக்குக் கண்ணாடி அடைத்தார். வெளிச்சம் நிறைந்த கூடம் ஆயிற்று. 189 வீடுகள். பெட்டிக்குள் மனிதனை அடைக்காமல், பெட்டிகளுக்கு நடுவே மனிதன் வாழ இடம் விட்டாரே, அதுதான் அறிவு! அதுதான் அன்பு!

இதே பெட்டியை இங்கிலாந்தில் வீடில்லாத குடும்பங்களுக்கும் கொடுத்தார்கள். குழந்தைகள் ஆணையர் 2019-இல் வெளியிட்ட அறிக்கை என்ன சொன்னது? கோடையில் கொதிக்கிறது, குளிரில் உறைகிறது, பிள்ளை தவழ இடமில்லை என்றது. ஒரே பெட்டிதான். ஓனகாவாவில் மரியாதை, இங்கிலாந்தில் அவமானம். பெட்டியின் உள் அகலம் ஏழே முக்கால் அடிகூட இல்லை. இரண்டு பக்கமும் வெப்பத் தடுப்பு ஒட்டினால் ஏழடியாகிவிடும். அதில் நான்கு பேரைத் தங்கவைத்துவிட்டு, வீடு கொடுத்துவிட்டோம் என்று கணக்கு எழுதுவது நியாயமா?

ஜப்பானுக்கும் இங்கிலாந்துக்கும் ஏன் போக வேண்டும்? 2004 சுனாமிக்குப் பிறகு நம் நாகப்பட்டினத்துக் கரையில் மீனவக் குடும்பங்கள் தற்காலிகக் குடியிருப்புகளில் பட்ட பாடு நமக்குத் தெரியாதா? பகலில் வீட்டுக்குள் இருக்க முடியாமல் வெளியே நிழல் தேடி உட்கார்ந்தார்கள். அந்த வெக்கையை மறந்துவிட்டு நாம் உலோக வீட்டைப் பற்றிப் பேசக் கூடாது.

ஆகவே, வேண்டும் என்று சொல்கிற நானே நிபந்தனைகளையும் சொல்கிறேன்.

முதல் நிபந்தனை, சூடு. எஃகு செங்கல்லைவிடப் பல பத்து மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். நம் வெயிலில் ஒற்றைத் தகடு அடுப்பு. மேலே இன்னொரு கூரை வேண்டும், இரண்டு கூரைக்கும் நடுவே காற்று ஓட வேண்டும். குளிர்பதனக் கிடங்குக்குப் போடும் பஃப் பேனல் என்ற வெப்பத் தடுப்புப் பலகையைக் குழந்தை தூங்கும் அறைக்குப் போட்டால் என்ன? மீனுக்கும் ஐஸ்கிரீமுக்கும் செய்கிற ஏற்பாட்டை மனிதனுக்குச் செய்யக் கூடாதா?

இரண்டாவது, துரு. கடற்கரை நகரத்தின் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். துத்தநாகப் பூச்சு வேண்டும், குறித்த காலத்தில் பெயின்ட் வேண்டும். பராமரிப்புக்கு முதல் நாளே பணம் ஒதுக்காத வீடு பத்தே ஆண்டில் ஓட்டையாகும்.

மூன்றாவது, இடம். ராட்ஜர் யங் ஊர் நகரத்துக்குள் இருந்தது. வேலை இருக்கும் இடத்திலிருந்து ஏழையைப் பல மைல் தள்ளி வைத்தால், பளிங்கில் கட்டிக் கொடுத்தாலும் அது வீடாகாது. பூ விற்கிறவர் விடியற்காலையில் சந்தைக்குப் போக வேண்டாமா?

நான்காவது, தண்ணீரும் கழிப்பறையும் அந்தந்த வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். இதில் பேரம் கிடையாது.

இது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. மத்திய அரசின் லைட் ஹவுஸ் திட்டத்துக்கு 2021 ஜனவரி முதல் நாள் ஆறு நகரங்களில் அடிக்கல் நாட்டினார்கள். சென்னைப் பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள் முன்வார்ப்புக் கான்கிரீட்டில் எழுந்தன. அதே திட்டத்தில் இந்தூரில் 1,024 வீடுகளுக்கு எஃகுச் சட்டத்தையும் ஆயத்தச் சுவர்ப் பலகையையும் எடுத்துக்கொண்டார்கள். அகர்தலாவில் 1,000 வீடுகளுக்கு மெல்லிய எஃகுச் சட்டம். மாடிமேல் மாடியாக, ஏழைகளுக்காக. பார்க்கிறவர் யாரும் அதைத் தகரக் கொட்டகை என்று சொல்லமாட்டார்.

அன்பார்ந்தவர்களே, இந்த நகரத்தில் வெல்டிங் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. லாரிக்கு உடம்பு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், பேருந்துக்குக் கூடு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நல்ல வரைபடமும் நகரத்துக்குள் நிலமும் கொடுங்கள், வீடு கட்டித் தருவார்கள். அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: இத்தகைய வீட்டுக்கு ஒப்புதல் கொடுக்கும் முன், மே மாதத்து மதியம் இரண்டு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் அதற்குள் உட்கார்ந்து பாருங்கள். உங்களால் இருக்க முடிந்தால் கையெழுத்துப் போடுங்கள். முடியாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். உங்கள் பிள்ளை தூங்க முடியாத வீட்டை இன்னொருவர் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.